லிப்ட் கதவுக்கு வெளியே ஒரு பௌதிகப் பாடம்

சென்ற வருடம் வெள்ளவத்தையில், நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். கீழே வந்துவிட்டோம் என்று போன் பண்ணியவர்கள் மேலே வந்து சேரவில்லை. எங்கள் மாடிக்கு ஒரு மாடி கீழே லிப்ட் நின்றுவிட்டது.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். காவலாளி, "பொட்டக் இன்ன மிஸ்" என்று சிங்களத்தில் என்னைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, லிப்ட் மெக்கானிக்குக்குப் போன் அடித்தபடி நின்றார். உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் கேட்டது.

"இவன் கால் வைச்ச இடமெல்லாம் இப்பிடித்தான்! போன கிழமை பிரிட்ஜ், முந்தநாள் ஃபேன், இண்டைக்கு லிப்ட்! சகுனமே பிழை. திறந்தவுடன திரும்பிப் போவம்."

மாப்பிள்ளையை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். பதற்றம் வந்தால் வாய் தானாகப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடும்.

"அன்ரி, பயப்பிடாதேங்கோ. உலகத்திலயே பெரிய ஒரு விஞ்ஞானிக்கும் இதே ராசிதான்," என்றேன்.

அந்த விஞ்ஞானி பேனாவும் பேப்பருமாகக் கணக்குப் போடுகிறவர். ஆய்வுகூடத்துக்குள் அவர் நுழைந்தாலே கருவிகள் உடையும் என்று கூட்டாளிகள் நம்பினார்கள். ஒரு நண்பர் அவரை உள்ளே விடவே மாட்டாராம். ஒருமுறை எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் காரணமில்லாமல் கருவி பழுதானது. இந்தத் தடவை அவரைக் குறை சொல்ல முடியாது, அவர்தான் இங்கே இல்லையே என்று சிரித்தார்களாம். பிறகு விசாரித்தால், அந்த நேரம் அவர் போன ரயில் அதே ஊர் ஸ்டேஷனில் நின்றிருக்கிறது!

உள்ளே யாரோ சிரித்தது கேட்டது. ஆண் குரல்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அணுக்கரு சிதையும்போது கணக்கில் வராமல் போன சக்தியைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் கொண்டுபோகிறது என்று ஊகித்தவரும் அவர்தான், இன்று அதை நியூட்ரினோ என்கிறோம் என்றேன். யாராலும் பிடிக்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டேனே என்று அவரே கவலைப்பட்டதையும், கால் நூற்றாண்டுக்குப் பிறகு வேறு இரண்டு பேர் அணு உலைக்குப் பக்கத்தில் கருவி வைத்து அதைப் பிடித்ததையும் சொன்னேன்.

"சுவர், இரும்பு, எங்கட உடம்பு, எல்லாத்துக்குள்ளாலயும் போகும் அன்ரி."

"இந்தக் கதவுக்குள்ளாலயுமோ?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஓம். இப்பவும் போய்க்கொண்டுதான் இருக்கு."

"அப்ப எங்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ பிள்ளை!"

அப்போதுதான் மாப்பிள்ளை முதல்முறையாக வாய் திறந்தார். "அந்தாளுக்குக் கலியாணம் நடந்ததோ?"

டீச்சருக்கு உண்மையைத்தானே சொல்லத் தெரியும்? "நடந்தது. ஒரு வருஷம்கூட நிலைக்கேல்ல."

எனக்குப் பின்னால் இறங்கி வந்து படியில் நின்ற என் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இல்லை, இல்லை! ரெண்டாவது கலியாணம் கடைசிமட்டும் நல்லா இருந்தது!" என்று கத்தினேன்.

"அப்ப நாங்கள் நேர ரெண்டாவதில இருந்து தொடங்குவம்," என்றது அந்தக் குரல். அவருடைய அம்மாவே சிரித்துவிட்டார்.

மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது, சட்டை முழுக்க வியர்வையோடு வெளியே வந்தார் மாப்பிள்ளை. அவருடைய அம்மா திரும்பிப் போகிற கதையையே எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, ஆறிப்போன தேத்தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். தை மாதம் எங்கள் கலியாணம் நடந்தது.

அவர்கள் முகம் பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் முகமே தெரியாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், அத்தனை பழிக்கு நடுவிலும் தன்னைப் பார்த்தே சிரிக்கத் தெரிந்த ஒரு மனிதரின் குரலைக் கேட்டுவிட்டேன். அதற்குமேல் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.