கல்வத்தில் விழுந்த முத்து

ஹாசிம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது மர்ளியாவின் உதடுகளுக்கிடையில் ஊசி இருந்தது. அவள் அதை விழுங்காமல் போனது அல்லாஹ்வின் காவல்.

"ராத்தா, உங்கட்ட மருந்து அரைக்கிற கல்வம் இருக்கா?"

ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "எதுக்கு?" என்றாள்.

"இந்த முத்துகளெ அரைக்கத்தான்."

அதுவரைக்கும் அது அவளுக்கு நல்ல காலையாகத்தான் இருந்தது.

தில்லையடியில் யார் வீட்டில் மாலை அறுந்தாலும் மர்ளியாவிடம்தான் வரும். இந்த வேலையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, முத்துக்குளிப்பு ஊரான சிலாவத்துறையை விட்டு வெளியேறி வந்து முகாமில் இருந்த காலத்தில், ஒரு பழைய மாலையைப் பிரிப்பதும் கோர்ப்பதுமாக இருந்து தானாகவே பழகிக்கொண்டாள். ஒவ்வொரு முத்துக்கும் இடையில் பட்டுநூலில் ஒரு முடிச்சு. மாலை அறுந்தாலும் ஒரு முத்துதான் உருளும், மற்றவை நூலிலேயே நிற்கும். முடிச்சு ஒரு நூலிழை தள்ளி விழுந்தாலும் முழுவதையும் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.

முத்துமாலை வாங்கிப்போகும் பெண்களை அவள் சும்மா விடமாட்டாள். அத்தரைப் பூசி, அது காய்ந்த பிறகுதான் முத்தைப் போட வேண்டும். கழற்றியதும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பருத்தித் துணியில் படுக்க வைக்க வேண்டும். பொலித்தீன் பையில் அடைக்கக் கூடாது. தங்கத்துக்குச் செய்வதுபோலத் தேசிக்காய்ப் புளியில் ஊறப்போட்டால் முத்தின் ஒளி போய்ச் சுண்ணாம்பாகிவிடும். அவளுடைய இந்தப் பாடத்தைக் கேட்டுச் சலித்த பெண்கள் அவளுக்கு "முத்து டொக்டர்" என்று பட்டமே வைத்திருந்தார்கள்.

அவள் கைக்கு வந்த மாலைகளில் றஹ்மத் உம்மாவின் மாலைக்கு ஈடாக இன்னொன்று இல்லை. இரண்டு தெரு தள்ளி மகன் ஹாசிமோடு இருக்கும் றஹ்மத் உம்மாவும் சிலாவத்துறைக்காரிதான். அவருடைய உம்மாவின் கழுத்தில் கிடந்த மாலை அது. முத்தெல்லாம் அந்தக் கடலிலேயே எடுத்தவை. ஊரை விட்டு வந்தபோது பால்மா டின்னுக்குள் புதைந்து தப்பியது. முகாமில் சில முத்துகள் தொலைந்து, அந்த இடங்களைக் கண்ணாடி முத்துகள் நிரப்பின. நடுவில் ஒரு பெரிய முத்து உண்டு. வெளிச்சத்தில் திருப்பினால் இளஞ்சிவப்பாய் ஒரு சாயல் அதன் மேல் ஓடும்.

அன்று காலை ஹாசிம் மாலையைக் கொண்டுவந்து, "அசல் எது, போலி எது எண்டு பிரிச்சுத் தாங்க ராத்தா" என்றதும், அவனுடைய தங்கச்சிமார் மூன்று பேருக்கும் பங்கு வைக்கப்போகிறார்கள் என்றே மர்ளியா நினைத்தாள். எது எது அசல் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் சொல்ல மாட்டாள். நூலை வெட்டினாள். ஒவ்வொன்றையும் முன்பல்லின் விளிம்பில் மெதுவாக உரசினாள். அசல் முத்து மணல்போல் நறநறக்கும். கண்ணாடி வழுக்கும். பிறகு பூதக்கண்ணாடியில் துளையைப் பார்த்தாள். போலிகளின் துளையோரத்தில் பூச்சு செதில் செதிலாக எழும்பியிருந்தது. அசல்களை ஒரு பீரிசுத் தட்டிலும் போலிகளை இன்னொரு பீரிசிலும் போட்டு, "பாருங்க தம்பி, எத்தின வருசம் போயும் இதுகள்ட முகம் வாடல்ல" என்று பெருமையோடு நீட்டினாள். அப்போதுதான் கல்வம் இருக்கிறதா என்று கேட்டான்.

"யூனானி வைத்தியர் சொன்னவராம் ராத்தா. அசல் முத்தெப் பன்னீரில் அரைச்சு உம்மா குடிச்சா நெஞ்சு வருத்தத்துக்கு நல்லதாம். கண்ணாடி கலந்தாக் குடலெக் கிழிக்குமாம். அதுதான் உங்கட்ட வந்தேன்."

மர்ளியா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தன் கையாலேயே பொறுக்கி, இதுகளைத்தான் கொல்ல வேண்டும் என்று காட்டிக்கொடுத்திருக்கிறாள். போலியென்று சொல்லியிருந்தால் அத்தனையும் பிழைத்திருக்கும்.

பீரிசை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்தாள். "உம்மாட்ட நான் கதைக்கணும்."

றஹ்மத் உம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. குரல் மட்டும் தளரவில்லை.

"என்ன புள்ள, மையத்தெப் பார்க்க வாறவள்போல ஓடி வாறாய்?"

"மாமி, இதெ அரைக்கச் சொன்னது நீங்களா?"

"ஓம். வைத்தியர் சொன்னது மருந்துக்கு. நான் ஓம் எண்டது வேற காரியத்துக்கு."

"என்ன காரியம்?"

"போன கிழமை ஆஸ்பத்திரியில நான் கண்ணெ மூடிக் கிடந்தேன். உறங்கிட்டேன் எண்டு நினைச்சு, என்ட கட்டிலெச் சுத்தி நிண்டுக்கிட்டு மூணு மகள்மாரும் மாலைக்குச் சண்டை. நான் இன்னும் மௌத்தாகல்ல, மர்ளியா! என்ட காலடியில நிண்டுக்கிட்டு!" அவர் கண்கள் நீர் கட்டாமலே சிவந்தன. "ஆருக்கும் வேணாம். நானே திண்டுட்டுப் போறேன்."

வாசலில் நின்ற ஹாசிமின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவனுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது.

"உம்மா, நீங்க மருந்துக்கெண்டுதானே…"

"நீ சும்மா நில்லு."

மர்ளியா முந்தானையை விலக்கிப் பீரிசைப் பார்த்தாள். நடு முத்தைத் தவிர மற்றவையெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமன்.

"மாமி, அவங்க எதுக்குச் சண்டை பிடிச்ச? மாலைக்கா, நடு முத்துக்கா?"

றஹ்மத் உம்மா யோசித்தார். "நடு முத்துக்குத்தான். மூத்தவள் தனக்கெண்டாள். கடைசிக்காரி, நான்தான் உம்மாவெப் பார்த்துக்கிட்டேன் எண்டாள். மற்றதுகளெப் பற்றி ஒருத்தியும் கதைக்கல்ல."

"அப்ப அதெ மட்டும் குடிங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது மர்ளியாவுக்கே கேட்டது. அந்த முத்தின் மேல் ஒரு துளி அத்தர் பட்டுவிடக் கூடாது என்று இத்தனை வருடமாகக் காவல் இருந்தவள் அவள்.

றஹ்மத் உம்மா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி கள்ளி! சரி, ஆனா நீதான் அரைக்கணும். வேற ஆரும் கை வைக்க விடமாட்டேன்."

"ஆஸ்பத்திரிக் குளிசையெயும் விடாமப் போடணும். அப்பதான் அரைப்பேன்."

"வாங்கி வச்சிருக்கேன். போடுறேன்."

ஹாசிம் பக்கத்து வீட்டில் ஒரு கல்வம் வாங்கி வந்தான். மர்ளியா பிஸ்மி சொல்லி முத்தை உள்ளே வைத்தாள். முதல் குத்துக்கு அது துள்ளிக் கல்வத்தின் சுவரில் பட்டுத் திரும்பியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதாகக் கையால் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இடித்தாள். சத்தம் எலும்பு முறிவதுபோல் இருந்தது.

குனிந்து பார்த்தாள். முத்து இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே வெங்காயத்தில்போல் தோலுக்குள் தோல், தோலுக்குள் தோல், நடு வரைக்கும். ஒவ்வொரு தோலிலும் அதே இளஞ்சிவப்பு ஒளி. இத்தனை காலமும் ஊசித் துளை வழியாகப் பார்த்து அசல் என்று சொல்லி வந்தவள், அசல் என்றால் என்ன என்பதை இப்போதுதான் கண்டாள்.

"காட்டு" என்றார் றஹ்மத் உம்மா. இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என மர்ளியா எதிர்பார்த்து நின்றாள். அவர் துண்டுகளைக் கல்வத்திலேயே போட்டார்.

"அரை."

பின்னேரத்து அஸர் பாங்கு கேட்கும் வரை பன்னீர் விட்டு அரைத்தாள். கடைசியில் மிஞ்சியது ஒரு கரண்டி வெள்ளைக் கூழ். றஹ்மத் உம்மா அதை ஒரே மடக்கில் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"ஒரு ருசியும் இல்ல. இதுக்கா அடிபட்டாளுகள்? மற்றதுகளெ மூணு சரமாக் கோர்த்துக் குடு மர்ளியா. மூணும் ஒரே அளவு."

ஹாசிம் தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் குந்தினான். "தங்கச்சிமார் பெரிய முத்து எங்க எண்டு கேட்டா நான் என்னத்தெச் சொல்லுற?"

"உம்மா திண்டுட்டா எண்டு சொல்லு."