பதினேழாம் இழை

கேபிள் வேலையில் முப்பத்தோரு வருடம் ஓட்டிய அந்த மனிதரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘கிளிப்பு’. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எது ஓடுகிற இழை, எது சும்மா கிடக்கிற இழை என்று பார்க்காமல் ஒன்றை நறுக்கித் தொலைத்தார். தீயணைப்பு நிலையத்துத் தொலைபேசி அரைநாள் ஊமையாகிவிட்டது. அன்று வாங்கிய திட்டு ஏழு ஜென்மத்துக்குப் போதும். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியைத் திறந்தாலும், முடி பருமனே உள்ள ஒவ்வொரு கண்ணாடி இழையிலும் ‘கிளிப்பு’ என்கிற சோதனைக் கருவியை மாட்டிப் பார்க்காமல் கத்தரியைத் தொட மாட்டார்; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். கிளிப்பு இழையைக் கொஞ்சம் வளைக்கும். வளைவில் ஒளி துளி கசியும். பச்சை விளக்கு எரிந்தால் அந்த இழை வேலையில் இருக்கிறது, கைவைக்கக் கூடாது.

இந்த நல்ல பழக்கம்தான் அவருடைய தங்கையின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

தங்கை அதே வீட்டு மாடியில் மகளோடு குடியிருந்தாள். கட்டியவன் எட்டு வருடத்துக்கு முன்பே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். ‘நடு அறை’ என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் அவளுக்கு வேலை. ஆஸ்பத்திரியும் பரிசோதனைக்கூடமும், கோர்ட்டும் சிறையும் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் தகவலைப் பூட்ட ரகசியச் சாவி வேண்டும். சாவி என்றால் இரும்பு இல்லை, நீளமான ஓர் எண்வரிசை. அதை ஒளியின் ஆகச் சின்னத் துகள்களில் ஒவ்வொன்றாக ஏற்றி அனுப்புவார்கள். வழியில் எவனாவது எட்டிப் பார்த்தால் துகள் கலையும், பிழை ஏறும். நூற்றுக்குப் பதினொன்றைத் தாண்டினால் இயந்திரம் அந்தச் சாவியையே தூக்கி எறிந்துவிடும். யாரோ தொட்டார்கள் என்று அது சொல்லும். யார் என்று மட்டும் சொல்லாது. மீதியை மனிதர்கள் தங்கள் புத்திக்கு எட்டியபடி நிரப்பிக்கொள்வார்கள்.

துகள் வெகுதூரம் தாங்காது. அதனால் ஊர் நடுவே ஓர் அறையில் ஒரு பக்கத்துச் சாவியை வாங்கி மறுபக்கத்துக்குக் கைமாற்றுவார்கள். அந்தக் கணம் சாவி திறந்து கிடக்கும். அங்கே உட்காருகிறவர்மேல் ஒரு முறை சந்தேகம் விழுந்தால் போதும், வேறெங்கும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானமே தங்கை வீடு திரும்பினாள்.

“என்னம்மா, சீக்கிரம் வந்துட்ட?”

“வீட்லயே இருக்கச் சொல்லிட்டாங்கண்ணா. விசாரணையாம். மூணு வாரமா காலையில பதினொரு மணிக்கு மேல ஒரு கேபிள் கோட்ல பிழை ஏறுது. மிஷின்ல ஒரு குறையும் இல்ல. உள்ள ஆள் இல்லாம வெளியில எவனும் துணிய மாட்டான்னு மேனேஜர் சொல்றாரு.”

“எந்தக் கோடு?”

“ஆஸ்பத்திரிக்குப் போறது. சலவைக்கடை முக்கு வழியா.”

மூன்று வாரமாக அவர் குந்திக் கிடப்பதே சலவைக்கடை முக்குப் பெட்டியின் முன்னால்தான். புதுக் கட்டடத்துக்கு இணைப்பு. இருபத்துநாலு இழை. பதினேழில் பச்சை எரியவே இல்லை. ‘செத்த இழையா?’ என்று சந்தேகப்பட்டு அதில் மட்டும் தினமும் பதினொரு மணிவாக்கில் ஐந்து நிமிடம் கிளிப்பை விட்டுவைத்திருந்தார். அதில் ஓடியது அவருடைய கிளிப்பின் கண்ணுக்கே தெரியாத சாவி ஒளி; கிளிப்பு வளைத்ததை யாரோ எட்டிப் பார்ப்பதாக இயந்திரம் எடுத்துக்கொண்டது. பெயர்ச்சீட்டு ஒட்டினால் ரகசியம் போய்விடுமென்று அதிமேதாவிகள் எதையும் ஒட்டாமல் விட்டிருந்தார்கள்.

அங்கேயே, அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ரகசியக் கோட்டில் கைவைத்தவனைக் கேள்வி கேட்காமல் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் ஓய்வு பெறப் பதினாலு மாதம்தான் இருந்தது. வந்த சொல்லை மென்று விழுங்கிவிட்டு, “சரியாயிடும்மா” என்றார்.

மறுநாள் முதல் பதினேழைத் தொடவில்லை. அதுதான் வினையாயிற்று. பத்து நாள் பொறுத்து மேனேஜர் தங்கையைக் கூப்பிட்டு, “நீங்க போனதும் கோடு சுத்தமாயிடுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்று அவளுடைய அடையாள அட்டையை அவள் கண்ணெதிரே இரண்டாக வெட்டிப் போட்டார்.

அன்று சாயங்காலம் கிளிப்பு மாடி ஏறினார். அவள் மகளின் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அது... அந்தப் பிழை...”

“தெரியும்ணா.” இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை. “பிழை ஏறின நாளெல்லாம் எழுதி வச்சிருந்தேன். வியாழக்கிழமை மட்டும் கோடு சுத்தம். உனக்கு வியாழன்தானே லீவு?”

“ஏன் சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு இருந்தேன்.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“உன் பேரைச் சொல்ல வேணாம்ணா,” என்றாள் அவள். “நாளைக்கு ஒரே ஒரு தடவ மாட்டு. நான் வீட்ல இருக்கும்போதே பிழை ஏறட்டும். அது போதும், நான் இல்லன்னு ஆயிடும். கோட்ல பிழை வந்தா போன் பண்றேன்னு கூட வேலை பாத்தவ சொல்லியிருக்கா.”

“மாட்டுறேன்மா. சத்தியமா.”

மறுநாள் பதினொரு மணிக்குப் பெட்டியைத் திறந்தார். கிளிப்பைக் கையில் எடுத்தார். நிமிர்ந்து பார்த்தால், எதிர்க் கம்பத்தில் புதிதாக ஒரு கேமரா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. சலவைக்கடைக்காரர் துணி உதறும் சத்தம் கேட்டது. கை பதினேழுவரை போனது. பதினாலு மாதம். கிளிப்பைப் பைக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டிவிட்டார்.

சாயங்காலம் மாடிக்குப் போனபோது தங்கை போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“மாட்டினேம்மா,” என்றார் அவர். “மிஷின் கவனிக்கல போலிருக்கு.”

ஆறு வருடம் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தவள் அவள். அது எதையாவது கவனிக்காமல் விட்டு அவள் பார்த்ததே இல்லை. அவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

“மாமா சாப்பிட்டுட்டாரான்னு கேளுடி.”

அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.