மார்லிஸுக்குப் பிடித்த எழுத்தாளர்கள்

மார்லிஸ் கின்னுனென் சுப்பீரியர் ஏரியின் வடகரையில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் பிற்பகல் மணியடிக்கும் வரை வேலை கிடையாது. அந்த நேரத்தில் வண்டியிலேயே உட்கார்ந்து எழுதுவாள். அப்படி எழுதி எழுதியே ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நாவலை முடித்தாள். அவளுடைய அப்பா இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். நவம்பர் மாதப் புயலில் ஒரு தாதுக்கப்பல் சிக்கிக்கொள்வதுதான் கதை. கப்பலில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். காதல் என்று ஒரு வரி கிடையாது.

டுலூத் நகரத்தில் ஒரு சிறிய பதிப்பகம் அதை வெளியிட்டது. அட்டையில் சால்வை போர்த்திய ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து நின்றாள்.

"யாரு இவ? என் கதையில இப்படி ஒருத்தி கிடையவே கிடையாதே" என்று மார்லிஸ் போனில் கேட்டாள்.

"எழுதினது ஒரு பெண்ணுன்னா இந்த மாதிரிப் படம் போட்டாத்தான் எடுத்துப் பாப்பாங்க" என்றார்கள். முதல் புத்தகமாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டாள்.

அதே இலையுதிர் காலத்தில் அதே பதிப்பகம் கோர்டன் ஆஸ்ட்பியின் நாவலையும் போட்டது. கோர்டன் உள்ளூர்க்காரர்தான். இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அவருடைய கதையும் நவம்பர் புயல்தான், ஆனால் அவருடைய அட்டையில் அலையைக் கிழித்துக்கொண்டு கப்பல் வந்தது.

கரையோரத்தில் புகைபோட்ட மீன் விற்கும் கடையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் மேஜை போட்டு, வாங்குகிறவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கோர்டன் முன்னால் வரிசை வாசல் வரை போயிற்று. தாதுத்துறைமுகத்து ஆட்கள், படகுக்காரர்கள், மார்லிஸின் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள்கூட அங்கேதான் நின்றார்கள். அவளிடம் சில பெண்கள் வந்தார்கள். அவளோடு ஒரே வகுப்பில் படித்த டுவைன் மட்டும் கோர்டனிடம் வாங்கிய புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் நகர்ந்தான்.

"மார்லிஸ்! உன் புத்தகம் ஒண்ணு குடு. என் பொண்டாட்டிக்கு."

"நீ படிக்க மாட்டியா?"

"நமக்கு இந்தக் குடும்பக் கதையெல்லாம் ஒத்துவராது."

"டுவைன், இதுல பாதிப் புத்தகம் புயல்தான். ஒருத்தனுக்குக் கை துண்டாப் போயிடுது."

"அப்படியா!" என்றவன் அட்டையிலிருந்த சால்வைக்காரியை ஒரு முறை பார்த்தான். "என் பொண்டாட்டிக்குத்தான் பிடிக்கும்" என்றான்.

பக்கத்து மேஜையிலிருந்து கோர்டன் சிரித்த முகமாகத் தன் பேனாவை நீட்டினார். அவளுடைய பேனாவில் மை வற்றியிருந்தது. அந்த மனிதர் கெட்டவராகவாவது இருந்து தொலைத்திருக்கலாம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து அவளுக்குக் கோர்டன் நினைப்பாகவே ஆகிவிட்டது. நூலகத்துக்குப் போனால் அவருடைய புத்தகத்துக்கு எத்தனை பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பாள். மளிகைக் கடையில் அவருடைய தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். அவர் என்ன காப்பித்தூள் வாங்குகிறார் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஏரிகள் உறைந்ததும் அவள் கணவன் ராட்னி வழக்கம்போல உள்நாட்டு ஏரியொன்றின் பனிக்கட்டிமேல் தன் மீன்பிடிக் குடிசையை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினான். ஒரு சனிக்கிழமை அவள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். பனிக்கட்டியில் போட்ட துளைக்குள் தூண்டிலை விட்டுவிட்டு, அடுப்பின் பக்கம் காலை நீட்டிக்கொண்டு, ராட்னி கோர்டனின் புத்தகத்தில் மூழ்கியிருந்தான். தூண்டில் ஆடியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. இன்னொருத்தியோடு அவனைப் பார்த்திருந்தால்கூட அவளுக்கு அப்படி இருந்திருக்காது.

"படிச்சு முடிச்சிட்டியா?" என்றாள்.

"எதை?"

"என்னோடதை."

ராட்னி புத்தகத்தை மெல்ல மூடினான். "அதைத் தனியா எடுத்து வச்சிருக்கேன் மார்லிஸ். நிதானமாப் படிக்கணும்னு."

"எதுக்கு எடுத்து வச்சிருக்க? என் சாவுக்கா?"

"இது சும்மா கையில இருந்துச்சு, எடுத்தேன். அவ்வளவுதான். இதுக்குப் போயி ஏன் இப்படி..."

"சும்மா கையில இருந்துச்சா! என்னோடது உன் தலைமாட்டுலயே இருக்கு, ராட்னி."

கொண்டுவந்த டப்பாவை அவன் மடியில் வைத்துவிட்டுப் பனியில் விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து உள்ளூர் வானொலியில் அவளைப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். பேட்டி எடுத்தவள் கிரெட்சன் என்ற இளம்பெண். மார்லிஸ் மனத்தில் புகைந்துகொண்டிருந்ததையெல்லாம் கொட்டினாள். ஆம்பளைங்க பெண்கள் எழுதினா தொடவே மாட்டேங்கிறாங்க, வேணும்னு செய்யறதில்ல, ஆனா அவங்க கை தானா ஆம்பளைங்க புத்தகத்துக்குத்தான் போகுது என்றாள். கிரெட்சன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "நீங்க விரும்பிப் படிக்கிறவங்க யாரு?"

மார்லிஸ் உற்சாகமாக அடுக்கினாள். கடலை எழுதியவர், போரை எழுதியவர், வடக்குக் காட்டை எழுதியவர் என்று பேர் பேராகச் சொன்னாள்.

"அருமை. பெண்கள்ல?"

மார்லிஸ் வாயைத் திறந்தாள். ஒரு பெயரும் வரவில்லை. "பள்ளிக்கூடத்துல... நிறையப் படிச்சிருக்கேன்" என்றாள் கடைசியில். கிரெட்சன் பரிதாபப்பட்டு ஒரு பாட்டைப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து அலமாரி முன்னால் நின்று புத்தக முதுகுகள்மேல் ஒவ்வொன்றாக விரலை ஓட்டிக்கொண்டு போனாள். ஆண், ஆண், ஆண். சமையல் புத்தகங்கள் மட்டும் பெண்கள் எழுதியவை. அலமாரியின் கடைசியில், படுக்கவைத்த ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் ட்வைலா போப்ரே சொந்தச் செலவில் அச்சிட்டது. ட்வைலா அதைக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். "கண்டிப்பாப் படிக்கிறேன்டி" என்று சொல்லி வாங்கி வைத்தவள் பிரிக்கவே இல்லை. அம்மா, சமையல், சின்ன வயசு ஞாபகம் என்று ஏதாவது இருக்கும் என்று தானாகவே முடிவு கட்டியிருந்தாள்.

மறுநாள் அதைப் பேருந்தில் வைத்துப் பிரித்தாள். மூழ்கிப்போன ஒருவனின் படகுக்காக இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொள்ளும் கதை அது. அதில் வசந்தத்தில் பனிக்கட்டி உடையும் இடம் வந்தது. கரைக்கு வந்து மோதும் கட்டிகள், யாரோ ஒரு வீட்டின் கண்ணாடிப் பாத்திரங்களையெல்லாம் பெட்டியில் போட்டு வெளியூருக்கு எடுத்துப்போகிற மாதிரி சத்தம் போட்டன என்று ட்வைலா எழுதியிருந்தாள். மார்லிஸ் புத்தகத்தை ஸ்டியரிங்மேல் கவிழ்த்து வைத்தாள். தன் கதையில் வரும் ஒரு பழைய நினைவுக்காக அதே சத்தத்தை எழுதத் தெரியாமல் அவள் ஒரு குளிர்காலம் முழுக்கத் திண்டாடி, கடைசியில் 'பெரும் ஓசை' என்று எழுதிவிட்டு நகர்ந்திருந்தாள்.

வயிறு எரிந்தது. கோர்டனைப் பார்த்து எரிந்தபோது 'இந்த ஆளுக்கு என்ன தெரியும்' என்று சொல்லியாவது ஆற்றிக்கொள்ள முடிந்தது. இங்கே அதற்கும் வழியில்லை. அவள் எழுத ஆசைப்பட்ட வரியை இன்னொருத்தி எழுதிவிட்டாள். அதுவும் இரண்டு வருஷமாக அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. பிற்பகல் சவாரியில் ஒரு நிறுத்தத்தையே தாண்டிப் போய்விட்டாள். பிள்ளைகள் கூச்சல் போட்ட பிறகுதான் வண்டியைத் திருப்பினாள்.

வண்டியை விட்டுவிட்டு நேரே பல் மருத்துவமனைக்குப் போனாள்.

"பல் வலியா?" என்றாள் ட்வைலா.

"வயித்தெரிச்சல். உன் புத்தகம் படிச்சேன்."

"இப்பவா!"

"இப்பத்தான். திட்டணும்னா திட்டிக்கோ. அந்தப் பனி உடையற இடம் இருக்குல்ல, அதை நான் எழுதியிருக்கணும்டி. உன்னைப் பாத்தாலே எரியுது எனக்கு."

ட்வைலாவின் முகம் சிவந்தது. காத்திருந்த நோயாளிகள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் அட்டை அழகா இருக்குன்னாங்க மார்லிஸ். ஒருத்தராவது பொறாமைப்பட மாட்டாங்களான்னு நான் ஏங்கிப் போயிட்டேன்."

"உனக்கு என்மேல உண்டா?"

"உனக்குப் பதிப்பகம் கிடைச்சப்போ ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல. ஆனா உன் புத்தகத்தை நான் இன்னும் படிக்கல." ட்வைலா தயங்கினாள். "நான் கோர்டனோடதைத்தான் படிச்சேன்."

மார்லிஸுக்கு எங்கிருந்தோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் கோபமும் வந்தது. இரண்டையும் ட்வைலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வசந்தத்தில் இருவரும் ஒருவர் புத்தகத்தை மற்றவர் படித்தார்கள். மார்லிஸின் புயலில் நடுப்பகுதி இழுக்கிறது என்று ட்வைலா முகத்துக்கு நேரே சொன்னாள். அது உண்மைதான் என்பதால் மார்லிஸ் நாலு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு டுலூத் பதிப்பகத்துக்குப் போன் போட்டு, ட்வைலா என்று ஒருத்தி இருக்கிறாள், அவளைப் போடுங்கள் என்றாள். அவர்கள் சம்மதித்தார்கள். தன் வாயாலேயே தனக்கு இன்னொரு போட்டியைக் கூட்டிவந்துவிட்டோம் என்று தெரிந்தேதான் செய்திருந்தாள்.

விஷயத்தைக் கேட்ட ராட்னி, "அவ்வளவு நல்லாவா எழுதறா?" என்றான்.

"என்னைவிட நல்லா."

"அப்போ நான் அதைப் படிச்சுப் பாக்கவா?"

"தொட்டுப் பாரு, தெரியும் சேதி" என்றாள் மார்லிஸ். "முதல்ல என்னோடது."

அவன் முணுமுணுத்துக்கொண்டே படுக்கையறைக்குப் போனான். அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, இரண்டாவது நாவலின் முதல் பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தாள்.