‘சொல்வீராக’ வெட்டப்பட்ட கட்டுரை

1943 மார்ச் 12, வெள்ளிக்கிழமை, பகல் இரண்டரை மணி. காற்றே இல்லாத வெயில். ஜும்மா தொழுதுவிட்டு நேராக அச்சகத்துக்குப் போனேன். மறு வெள்ளிக்கிழமை மீலாது விழாவில் இலவசமாகக் கொடுக்க, என் கட்டுரை பதினாறு பக்கப் புத்தகமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. குர்ஆனில் இறைவனின் கட்டளைச் சொற்கள் என்ன வேலை செய்கின்றன என்பதுதான் விஷயம். யுத்த காலம், காகிதம் கிடையாது. ஒரு தோல்மண்டி முதலாளி தந்திருந்தார்.

புரூப்பை வாங்கிப் பார்த்தேன். நான் எடுத்துக்காட்டிய முப்பத்தொரு வசனங்களின் தொடக்கத்திலும் இருந்த, நபிக்கு இறைவன் இடும் ‘சொல்வீராக’ என்ற கட்டளை ஒன்றுகூட இல்லை. மிச்சமான இடத்தில், கடைசிப் பக்கத்தின் அடியில் மண்டி விளம்பரம்.

முதலாளி அங்கேயேதான் நாற்காலியில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“நான்தான் எடுக்கச் சொன்னேன், வாத்தியாரே. எம்புட்டு இடத்துல ஒரே வார்த்தை! ‘மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு’ன்னு புள்ளைய அனுப்புனா, அது போய் ‘சாப்பிட வாங்க மாமா’ன்னுதானே சொல்லும்? ‘வரச் சொல்லு’ன்னா சொல்லும்?”

அச்சுக்கோர்க்கிறவர்கள் சிரித்தார்கள்.

“புள்ளை சொந்தமா ரெண்டு வார்த்தை சேர்த்தும் சொல்லும், முதலாளி. நபியவர்கள் தமக்கு வந்த கட்டளையைக்கூட விழுங்காம நமக்குச் சொன்னாங்க. பேச்சு அவங்களோடது இல்லைன்னு அதுலதான் தெரியுது. என் கட்டுரையே அதுதான். அரபியில ஒரு எழுத்தைத் தொடுவீங்களா?”

“அது அரபி. இது தமிழ்தானே!”

சொல்லிவிட்டு மூலையைப் பார்த்துத் துப்பினார். பாதி புரூப்பின் மேல் விழுந்தது. இறைவன் ‘ஆகு’ என்றதும் ஆகிவிடுகிறது, கட்டளைக்கும் காரியத்துக்கும் நடுவே மூச்சுவிட இடமில்லை என்று நான் நான்கு நாள் யோசித்து எழுதிய பத்தியில் சிவப்பு எச்சில் வழிந்தது. அவர் விரலாலேயே துடைத்து, விரலை என் கையெழுத்துப் பிரதியில் தேய்த்தார்.

“முப்பத்தொண்ணும் திரும்ப வரணும். இல்லேன்னா இது என் கட்டுரை இல்ல” என்றேன்.

“அப்ப அது என் காகிதமும் இல்ல. ஏய், வண்டியில ஏத்துங்கடா!”

சுமையாள் ஒருவன் வந்து காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனான். விழாக் குழுவில் ஒன்பது பேர். எல்லாருமே படித்தவர்கள். ஒருவர்கூட முதலாளியிடம் போய்க் கேட்கவில்லை. “அனுசரிச்சுப் போங்க பாய்” என்று அதில் இருவர் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். அவர்களுக்கு நான் தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

கள்ளச் சந்தையில் மண்ணெண்ணெய் நாறும் ஒரு ரீம் காகிதம் வாங்கினேன். ‘சொல்வீராக’ முப்பத்தொன்றையும் மறுபடி கோர்க்கவைத்து, பக்கத்திலேயே நின்று எண்ணிச் சரிபார்த்தேன். விழாவன்று என்னைப் பந்தலுக்குள் விடவில்லை. வாசலில் நின்று ஐந்நூறு பிரதிகளையும் என் கையாலேயே கொடுத்தேன்.

காகிதம் முப்பத்தெட்டு ரூபாய், அச்சுக்கூலி பதினொரு ரூபாய் நாலணா. ஆக நாற்பத்தொன்பது ரூபாய் நாலணா.