எட்டு மணிக் கையெழுத்து

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களை அன்றன்றே என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். என்றாவது யாராவது கேட்டால் காட்டலாம் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய கல்லூரி. அப்பாவுக்கு அங்கே நூலகத்தில் வேலை. இன்னொன்று, ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போனால் வருகிற கடற்கரை நகரத்துப் பல்கலைக்கழகம். கடல் உயிரியல் அங்கேதான் இருந்தது. எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். வீட்டில் பதினோரு நாள் சண்டை. கடைசியில் அப்பா சேர்க்கைக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விட்டெறிந்தார்.

"போ. ஆனா ஒண்ணு. பாதியில வந்து நின்னேன்னு வெச்சுக்க, இந்த மீன், நண்டு பேச்செல்லாம் அதோட முடிஞ்சுது. நான் சொல்ற இடத்துல நான் சொல்றதத்தான் படிக்கணும்."

"சரிப்பா" என்றேன். அந்த ஒரு சரிக்காகத்தான் நாற்பத்திரண்டு நாள் அந்த அறையில் கிடந்தேன்.

நகரத்துக்கு என்னைப் பார்த்ததுமே பிடிக்காமல் போய்விட்டது. இறங்கிய அன்றே பஸ் கண்டக்டர் என் பெட்டியைக் காலால் வெளியே தள்ளினார். கடைக்காரர்கள் "ஹாஸ்டலா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். ஆமாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்கவில்லை. பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி எல்லாம் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தன. துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் பிசுபிசுத்தது.

அறை மூன்றாவது மாடியில், வராந்தாவின் கடைசியில். எண் 31. மூன்று இரும்புக் கட்டில்கள். என்னுடன் இருந்தவனை எல்லோரும் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். தும்மல் வந்தாலே மாத்திரை டப்பாவைத் திறக்கிற ஆள். ஜன்னலோரக் கட்டில் அவனுடையது. கதவோரம் என்னுடையது. நடுவில் இருந்த மூன்றாவது கட்டில் காலி. அதற்கு உரியவன் வரவே இல்லை.

"வராம இருந்தா நமக்கு நல்லதுதான்டா ஒல்லி," என்றான் டாக்டர். எனக்கு முதல் நாளே அந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. "ஆனா ஒரு சிக்கல் இருக்கு. பீரங்கி நம்ம ரூம் மேல கண்ணு வெச்சிருக்கான்."

பீரங்கி இறுதியாண்டு மாணவர். அவர் விடும் குறட்டைக்கு இரண்டாம் மாடியே தூங்குவதில்லை என்று சொல்வார்கள். கடல் பார்த்த அறை கேட்டு வார்டனை நச்சரித்துக்கொண்டிருந்தார்.

அந்த விடுதியில் ஒரு வழக்கம். தினமும் இரவு எட்டு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு வருகைப் பதிவேட்டை விரித்து வைப்பார்கள். அறைக்கு மூன்று வரி, வரிக்கு ஒரு பெயர். அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் ஒரு வரி காலியாக இருந்தால் அந்தக் கட்டில் வேறு ஆளுக்குப் போய்விடும். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பியூன் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார். ஆகவே விடுதி முழுக்க ஒருவனுக்காக இன்னொருவன் போடுவது சகஜம்.

மூன்றாம் நாள் இரவு 8:04. மூன்றாவது வரியில் இருந்த பெயருக்கு நேரே நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை. ஒரு வளைவு, கீழே ஒரு கோடு. இடது கையால், கோணல் மாணலாக.

"கலக்கிட்டடா," என்றான் டாக்டர். "இனிமே அவனுக்கு நீதான் கார்டியன்."

தினமும் போட்டேன். எங்கள் பெட்டிகளை அந்தக் கட்டில்மேல் அடுக்கி வைத்தோம். பீரங்கி வரவில்லை. நிம்மதியாகப் படித்தோம்.

பத்தொன்பதாம் நாள் 8:02க்கு இறங்கினேன். மூன்றாவது வரியில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

அதே வளைவு, அதே கோடு. ஆனால் கோணல் இல்லை. பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கீறியிருந்தது.

அறைக்கு வந்து கேட்டேன். "நீ போட்டியா?"

"நானா? உன் வேலைய நான் ஏன்டா பண்றேன்?"

விளையாடுகிறான் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும். பிறகு நான் அந்த வரியைத் தொடவே இல்லை. ஆனாலும் அது ஒரு நாள்கூடக் காலியாக இல்லை.

இருபத்தாறாம் நாள் இரவு, பெட்டிகள் தரைக்கு வந்திருந்தன. வரிசையாக, சுவரோரம். நான் எடுக்கவில்லை. டாக்டர் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அன்று 11:40க்கு நடுக் கட்டிலின் கம்பிச் சுருள் முனகியது. ஒருமுறைதான். யாரோ புரண்டு படுப்பது போல...

வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார்.

"என்ன, வரேங்கிறியா?"

"இல்லப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்."

நாற்பதாம் நாள், வியாழக்கிழமை. பதிவேட்டு மேசையில் வார்டனே உட்கார்ந்திருந்தார். கையில் ஆபீசிலிருந்து வந்த ஒரு தாள்.

"முப்பத்தொண்ணுல இந்த ஆள் சேரவே இல்லையாமே. தினம் எவன்டா கையெழுத்துப் போட்டது?"

டாக்டர் என் காலை மிதித்தான்.

"திருட்டுப் பசங்க. திங்கக்கிழமை ரெண்டு பேரும் ஆபீஸ் ரூமுக்கு வாங்க."

சிவப்பு மையால் அந்தப் பெயரை அடித்தார். குறுக்கே ஒரு கோடு, மேலே இன்னொரு கோடு. மணி 8:11.

படியேறும்போது டாக்டர் சொன்னான். "அவ்வளவுதான். பீரங்கிக்கு வாசல் திறந்தாச்சு. நான் நாளைக்கு மத்தியானமே ஊருக்குப் போறேன். ரெண்டு நாளாவது தூங்கிட்டு வரேன்."

வந்தது பீரங்கி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை 9:10. முதல் வகுப்பு. பேராசிரியர் வருகை எடுத்தார். என் எண் முப்பத்தேழு.

"முப்பத்தேழு."

நான் வாயைத் திறக்கும் முன் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. "எஸ் சார்."

திரும்பினேன். கடைசி பெஞ்ச் காலி.

"சார், முப்பத்தேழு நான்தான்," என்று எழுந்தேன்.

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒரு தடவை சொன்னாப் போதும். உட்காரு."

பகல் 1:15. மெஸ்ஸில் தட்டை நீட்டினேன். பரிமாறுகிறவர் கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆளுக்கு ஒரு தடவைதான். இப்பதான வாங்கிட்டுப் போன?"

"நான் இப்பதாண்ணே வரேன்."

"யாருகிட்ட காது குத்துற? தள்ளு, தள்ளு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பசியோடு வெளியே வந்தேன்.

மூன்று மணிக்கு டாக்டர் ஊருக்குப் போய்விட்டான்.

இரவு 7:58. மேசைக்குப் போனேன். பியூன் அப்போதுதான் பதிவேட்டை விரிப்பதாக எனக்குத் தோன்றியது.

என் பெயருக்கு நேரே என் கையெழுத்து இருந்தது.

என்னுடையதேதான். கடைசி எழுத்தின் சுழி உட்பட. மை இன்னும் காயவில்லை. தாள் மட்டும் கீறியிருந்தது.

"அண்ணே... இத யாரு போட்டாங்க?"

பியூன் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தலை நிமிர்த்தினார். "என்னப்பா, தண்ணி கிண்ணி போட்டிருக்கியா? நீதான போட்டுட்டு மேல போன?"

மேலே போனேன். மூன்று மாடி. வராந்தா விளக்குகள் எரிந்தன. அறைக் கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. சாவி என் சட்டைப்பையில்.

திறந்தேன். மணி 8:09.

என் பெட்டி கதவருகே நின்றது. கட்டி வைத்திருந்தது. திறந்து பார்த்தேன். சட்டைகள் மடிப்புக் கலையாமல், புத்தகங்கள் அடியில், பல் தேய்க்கும் பிரஷ்கூடத் தாளில் சுற்றி...

கொடியில் என் துணி ஒன்றுகூட இல்லை.

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. எவனோ விளையாடுகிறான். ஓடிப்போவேன் என்று பார்க்கிறான். ஓடினால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கதவைத் தாழிட்டேன். புத்தகத்தை விரித்து உட்கார்ந்தேன்.

8:35. கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் பியூன் டார்ச்சோடு வந்து தலை எண்ணுவார். அதுவும் அங்கே வழக்கம். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. இருபத்தொன்பது... முப்பது...

கதவில் இரண்டு தட்டு.

"முப்பத்தொண்ணு. உள்ள எத்தனை பேரு?"

நான் பதில் சொல்ல மூச்சை இழுத்தேன்.

நடுக் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"நான் மட்டும்தாண்ணே."

என் குரல்.

"சரி," என்றார் பியூன். செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று. கத்த வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் சத்தம் படி இறங்கிவிட்டது.

இருட்டு.

கடல் இரைச்சல்கூட இல்லை.

கம்பிச் சுருள் முனகியது. ஒருமுறை. இரண்டுமுறை.

எழுந்து உட்காருகிறது...

தரையில் ஒரு கால். இன்னொரு கால்.

என் முகத்துக்கு நேரே மூச்சு. சில்லென்று.

"நீ இன்னும் கிளம்பலையா?"

கோபமே இல்லாமல் கேட்டது. அதுதான் தாங்க முடியவில்லை.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. துருப்பிடித்த கம்பி உள்ளங்கையைக் கிழித்திருந்ததை வாசலுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். விடியும்வரை காவல்காரருடன் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பழைய துண்டைக் கையில் சுற்றிக்கொள்ளக் கொடுத்தார்.

காலை 5:50க்கு அவரையும் கூட்டிக்கொண்டு மேலே போனேன். அறை திறந்து கிடந்தது. கட்டிலுக்கடியில் தள்ளிய பெட்டி மறுபடி கதவருகே நின்றது. என் படுக்கையில் ஆள் படுத்த பள்ளம். தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

சனிக்கிழமை 10:30க்கு அலுவலகத்தில் விலகல் கடிதம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டது ஒரு நடுவயது எழுத்தர் அம்மா. நான் அழுததைப் பார்த்து எந்த அறை என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்த மூணாவது பையன் சேர வந்துட்டிருந்தப்ப வழியிலயே விபத்துல போயிட்டான், தம்பி. காலேஜ் திறக்கறதுக்கு மொத நாள். அவங்க அப்பா அந்த வாரமே லெட்டர் போட்டுட்டாரு. நாங்க பேர அடிக்கலாம்னு பார்த்தா, ஹாஸ்டல்லேர்ந்து தினமும் 'ஆள் இருக்கு'ன்னு கணக்கு வருது. நாங்க எதைன்னு நம்பறது?"

அந்தக் கணக்கை முதலில் தொடங்கியது என் இடது கைதான்.

அன்று ராத்திரியே ரயில். அப்பா திட்டவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தன் கல்லூரிக்குக் கூட்டிப் போய் வரிசையில் என் பக்கத்தில் நின்றார். வணிகவியலில் சேர்ந்தேன். கடலைப் பற்றி வீட்டில் அதன்பிறகு யாரும் பேசவில்லை.

மூன்று வருடம் கழித்து என் பெயருக்குத் தடிமனான ஓர் உறை தபாலில் வந்தது. உள்ளே கடல் உயிரியல் பட்டம். முதல் வகுப்பு. ஆறு பருவத்து மதிப்பெண் பட்டியல். எல்லாவற்றிலும் என் பெயர், என் பிறந்த தேதி.

அப்பா அதை நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். "எப்படிடா?" என்றார். அவ்வளவுதான் கேட்க முடிந்தது அவரால்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தது அதே எழுத்தர் அம்மா. பெயரைச் சொன்னேன். விலகல் கடிதம் கொடுத்ததை நினைவுபடுத்தினேன்.

"ஞாபகமில்லாம என்ன தம்பி? குடுத்தீங்க. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கே வந்து திரும்ப வாங்கிட்டீங்களே. வீட்டுல சமாதானமாயிட்டாங்கன்னு சொன்னீங்க."

"நான்... வரலம்மா."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"என்ன தம்பி விளையாட்டு இது? இப்பதான இந்த ஜன்னலுக்கு முன்னால எம்.எஸ்ஸி. லேபுக்குப் போனீங்க. நாலு படி இறங்கி வந்து பேசாம எதுக்குப் போன்ல கூப்பிடறீங்க?"

அப்போது மணி காலை 11:20.