சீட்டில் இருந்த அப்பா பெயர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், கருவேலம் புதருக்குள் ஒரு மனித எலும்புக்கூடு கிடைத்தது. காணாமல் போன வடநாட்டுத் தொழிலாளி ஒருவனாக இருக்கலாம் என்று போலீசுக்குச் சந்தேகம். டி.என்.ஏ. சோதனைக்காக அவனுடைய தம்பியை, அவர்களுக்கு வேலை பிடித்துத் தந்த மேஸ்திரியே எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். ரத்தம் எடுப்பது என் வேலை.

மேஸ்திரி பளிச்சென்ற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், காலில் கம்பெனி ஷூ. யாரைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும்.

"நீ தம்பியா?" என்று அந்த ஆளைக் கேட்டேன்.

"கூடப் பொறந்தவன் சார். அவனுக்குத் தமிழ் வராது" என்றார் மேஸ்திரி.

படிவத்துக்காக அப்பா பெயரை எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவன் மேஸ்திரியின் சட்டைப் பையைப் பார்த்தான். அவர் அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். நானும் எழுதிக்கொண்டேன்.

ஊசி குத்தும்போது அவன் தோளைத் தட்டிக்கொடுத்தபடியே கேட்டார்: "மேட்ச் ஆவலன்னா அது நம்ம ஆளு இல்லன்னு ஆயிடும்ல சார்?"

"ஆமா."

"அப்ப சரி. இவனையும் ரயில் ஏத்தி உட்டுடலாம். எத்தினி நாளு இட்டுக்கினு சுத்தறது, பேஜாரா கீது."

வழக்கமாக இப்படி ரத்தம் கொடுக்க வருகிற சொந்தக்காரர்கள், எலும்பு எப்போது கைக்குக் கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள்.

பொருந்தவில்லை என்று முடிவு வந்தது. எலும்புகளைப் பெயரில்லாமலே புதைத்தார்கள். சோதனையில் ஒரு தவறும் இல்லை. நான் யாருடைய ரத்தத்தை எடுத்து அனுப்பினேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.