தொகுதி என்று ஒருவர்

கடைசியாக அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, கூடத்து ஃபேனுக்கு கன்டென்சர் மாற்றியது. நான் ஸ்டூலில் ஏறினேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பிடிக்க வேண்டாம், ஸ்டூல் ஆடவில்லை என்றேன்.

"ஸ்டூல் ஆடாது. நீ ஆடுவே."

மெயினை அணைத்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அது தொகுதி அலுவலகத்து ஃபேன். அலுவலகத்தை மூடியபோது ஏலத்தில் எடுத்து வந்திருந்தார். ஓட ஆரம்பித்ததும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "நாலு உறுப்பினர் பேசினதையும் கேட்டிருக்கு. தலை சுத்தாம என்ன செய்யும்?"

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை அதே ஃபேனுக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துபோனார்.

அவர் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் உதவியாளர். இரும்புக்கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உறுப்பினர், இந்தப் பக்கம் ஒரு பெஞ்சும் அப்பாவும். கதவைத் திறப்பது, வந்தவரை உட்காரவைப்பது, தண்ணீர் கொடுப்பது, யார் எதற்கு வந்திருக்கிறார் என்று உள்ளே போய்ச் சொல்வது, இவ்வளவுதான் வேலை. படியேறி வந்தவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை எதுவும் கேட்க மாட்டார். அழுதுகொண்டு வந்தவரை முதலில் உள்ளே அனுப்ப மாட்டார். தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, சொல்ல வேண்டியதை ஒருமுறை தன்னிடம் சொல்லிப் பார்க்கவைப்பார். "இப்போ போங்க. இதே மாதிரி சொல்லுங்க."

போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார். "தொகுதி" என்பார். கூப்பிட்டவர்கள் அதையே அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு அதுவே பெயராகிவிட்டது. தொகுதி சாப்பிடப் போயிருக்கு, தொகுதிக்குக் காய்ச்சல், தொகுதி மகன் இன்ஜினியருக்குப் படிக்கிறான். என் கல்லூரி விடுதிக்கே ஒருமுறை, தொகுதி வந்து காத்திருக்கு என்று ஆள் வந்து சொன்னான். ஊரே திரண்டு வந்துவிட்டதோ என்று அறைத் தோழர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா ஒரு பையோடு தனியாக நின்றுகொண்டிருந்தார்.

அந்தத் தொகுதி பார்த்த உறுப்பினர்கள் நால்வர். முதலில் ஒரு வக்கீல். அவரைத் தோற்கடித்தவர் மரக்கடை முதலாளி. அவருக்குப் பிறகு ஓய்வு பெற்ற ஒரு நர்சம்மா. கடைசியாக, செல்போன் கடை வைத்திருந்த ஓர் இளைஞர். வக்கீலுக்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் முதல் நாள் அப்பாவை மாற்றத்தான் பார்த்தார்கள். மரக்கடைக்காரர் நேராகவே கேட்டிருக்கிறார், நீ வக்கீலோட ஆள்தானே என்று.

"அவர் போறப்ப என்னைக் கூட்டிட்டுப் போகலீங்களே" என்றாராம் அப்பா.

மரக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அப்பா வேலையிலேயே இருந்தார். ஒருவர் உள்ளே பேசியதை இன்னொருவரிடம் அவர் சொன்னதேயில்லை. எங்களிடமும் சொன்னதில்லை. அம்மா துருவித் துருவிக் கேட்டுப் பார்த்து ஓய்ந்துபோனார்.

நால்வருக்கும் பொதுவாக இருந்தது ஒரு நடைபாலம். தொகுதியின் நடுவே கால்வாய். அக்கரையில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும், கால்வாய்க்குக் குறுக்கே தண்ணீரைத் தொட்டபடி போகும் குடிநீர்க் குழாய் மேல் நடந்துதான் இக்கரைக்கு வருவார்கள். ஈரக் காலோடும் சிராய்த்த முழங்காலோடும் மாடிப்படி ஏறி வருபவர்களை முதலில் பார்ப்பவர் அப்பா. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் குழாயில் நடந்து வந்த ஒரு பெண்ணைப் பார்த்த அன்று, அவர் வீட்டில் சாப்பிடவில்லை.

வக்கீல் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதில் எதிர்க்கட்சிக்காரர் பெயர் இருக்கிறது என்று மரக்கடைக்காரர் வேறு கல் நாட்டினார். நர்சம்மா கல் வேண்டாம் என்று சொல்லி மண் பரிசோதனை செய்யவைத்தார்; அறிக்கை வருவதற்குள் தோற்றுவிட்டார். செல்போன் கடைக்காரர் பணம் ஒதுக்கவைத்து, ஆசைக்கு அவரும் ஒரு கல் நாட்டினார். "மூணு கல்லையும் தண்ணியில போட்டிருந்தா, தாவியாவது போயிருப்பாங்க" என்பார் அப்பா.

அப்போதுதான் எல்லைகளை மாற்றி எழுதினார்கள். புதிய கோடு கால்வாயின் நடுவே ஓடியது. இக்கரை ஒரு தொகுதியோடும் அக்கரை வேறொன்றோடும் சேர்ந்தது. எங்கள் தொகுதியே இல்லாமல் போனது. அன்று யாரோ அத்தைக்குப் போன் செய்து, தொகுதி போயிடுச்சாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தை பஸ் பிடித்து, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்தது அப்பா. அத்தை கைப்பையாலேயே அவர் தோளில் ரெண்டு வைத்தார்.

வேலை போனது. பாலம் மட்டும் அவரை விடவில்லை. ஒதுக்கிய பணம் அப்படியே நின்றது. இரு கரை உறுப்பினர்களும் சேர்ந்து கேட்டால்தான் அசையும். அவர்களோ, தண்ணீருக்கு நடுவில் வரும் தூண் யார் பொறுப்பு என்பதிலேயே நின்றுவிட்டார்கள்.

ஒருநாள் அப்பா என்னிடம் வந்தார். "இன்ஜினியர் சார், நடுவுல கால் ஊனாம அது நிக்குமா?"

நர்சம்மா செய்யவைத்த மண் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். அகலம் பெரிதில்லை, இரு கரையிலும் மண் கெட்டி. கரைக்குக் கரை ஒரே இரும்புச் சட்டமாகப் போட்டால் நிற்கும் என்றேன். "அப்போ சண்டை போட ஒண்ணுமே இல்லையேடா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்தது அபூர்வம்.

இக்கரை உறுப்பினரின் அலுவலகத்தில், காலம் முழுக்க மற்றவர்களை உட்காரவைத்தவர், தானே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒருவருக்கும் முன்னால் முந்தவில்லை. பல காலைகள் போயின. கடைசியில் அந்த உறுப்பினர் சம்மதித்தார்.

மீதி அக்கரை. அங்கே உறுப்பினர் சின்ன வயது, கோபக்காரர். நர்சம்மா தன்னோடு வந்தால் அவர் கேட்பார் என்று அப்பா கணக்குப் போட்டார். அவர் பிறந்தபோது பிரசவம் பார்த்ததே நர்சம்மாதான். முழங்கால் வலியால் நர்சம்மா வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அப்பா போய்ச் சொன்னதும், இதற்கு மட்டும் உடனே கிளம்பச் சம்மதித்துவிட்டார். "பிறந்தப்பவே அவனைத் தலைகீழாப் பிடிச்சவ நான். இப்பவும் பிடிப்பேன்."

திங்கட்கிழமை வண்டியோடு வந்து அழைத்துப் போவதாக அப்பா சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை இரும்புக்கடைக்காரர்தான் எல்லாருக்கும் போன் செய்து தகவல் சொன்னார். பலர் வந்தார்கள். மரக்கடைக்காரர் தன் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கரையிலிருந்து வந்தவர்களின் காலெல்லாம் ஈரம். நர்சம்மா வரவில்லை. முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை அப்பாவின் போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன்.

"என்ன தொகுதி, புதுசா ஹலோ எல்லாம்?"

நர்சம்மா. போனில் என் குரல் அப்பா குரல் போலவே இருக்கும் என்பார்கள். நான் யார் என்று சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். சனிக்கிழமை இரும்புக்கடைக்காரர் போன் செய்து, தொகுதி போயிடுச்சு என்று ஏதோ புதுச் செய்தி மாதிரி சொன்னாராம். அது போய்த்தான் ரொம்ப நாளாச்சே, அந்த விஷயமாகத்தானே திங்கட்கிழமை போகிறோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

"நான் செருப்பு மாட்டி வாசல்ல உட்கார்ந்திருக்கேன்" என்றார். "வண்டி எங்க வந்திருக்கு?"